மரக்காலுக்குள் இருந்தவள்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம், மக்களே. ஐந்தாம் வகுப்போடு அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவள் நான். ஒரு காரியத்தை முதலில் இருந்து வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. நடுவில் தொடங்குவேன், கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் லில்லிபுஷ்பம் இப்படிச் சொன்னாள் என்று தெருவெல்லாம் ஆகிவிடும். ஆனால் நீ கேட்டுவிட்டாய். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாய், இவ்வளவு நாள் படுத்துக்கிடக்கிற ஆளுக்கு முதுகில் ஒரு புண் இல்லையே, இதுவரைக்கும் யார் பார்த்தார்கள் என்று. ஏஜென்ஸியில் இருந்து வருகிற ஹோம் நர்ஸ் இப்படியெல்லாம் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. சரி, இந்த வீட்டில்தானே இருக்கப்போகிறாய். வெளியே கேட்பதைவிட என் வாயால் கேட்டுக்கொள்.

என் மருமகள் பார்த்தாள். பெனிலா. அவளும் நர்ஸ்தான். உன்னை மாதிரி ஆறு மாத வகுப்பு இல்லை, பெரிய படிப்பு. முகத்தைச் சுருக்காதே, உள்ளதைச் சொன்னேன். இப்போது குவைத்தில் இருக்கிறாள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனார் தலைமாட்டில் மருந்தையெல்லாம் வேளை வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டு, விடிவதற்குள் போய்விட்டாள். என் மகன் விஜின் கொச்சியில் ஏ.சி. மெக்கானிக். அவனும் போனில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இனி அவனும் அங்கேதான் போவான்.

அவரைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவிவிடு. அந்தச் சோப்பு இல்லை, அது என்னுடையது. கீழே இருக்கிறதே, அது.

நீ வேதக்காரியா, கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லையா. அப்படியானால் எல்லாம் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் இப்படிப் படுக்கையில் விழுந்த சமயத்தில் நாங்கள் பழைய கோயிலில் இருந்தோம், மணிக்கூண்டு வைத்த பெரிய கோயில். ஐயர் வந்தார், கோயில் பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சன்னமாக ஒரு ஜெபம் பண்ணினார், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார். யோபுதாஸ் பாஸ்டர் அப்படி இல்லை. கூப்பிடாமலே வந்தார். இவர் காலைப் பிடித்துக்கொண்டு நரம்பு புடைக்கக் கத்தினார். அந்தக் கத்தல்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. அவர் சபைக்குப் போனோம். போனதும் பழைய கோயிலில் எங்கள் பெயரை வெட்டினார்கள். பெயர் போனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. வீட்டுப் பின்னால் வைக்கலாம் என்றால் எங்களுக்கு இருப்பது கிணறும் கக்கூஸும் ஒரு கொய்யாவும். இவருக்குக் குழி வெட்ட வேண்டுமென்றால் இனி பாஸ்டரின் சபைக்குச் சொந்தமான அந்தத் துண்டு நிலம்தான், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி இருக்கிறதே, அது. அதற்கும் கமிட்டி சம்மதிக்க வேண்டும். இதை நீ மனதில் வைத்துக்கொள். மெதுவாகத்தான் சொல்கிறேன், அவருக்குப் பேச்சு போனாலும் காது கேட்கும்.

சபை என்றால் கட்டடம் ஒன்றும் பெரிதில்லை. முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்ட புகைப்புரை. சுவருக்கு வெள்ளை அடித்து, தரையில் பாய் விரித்து, மைக் செட் வைத்துவிட்டார்கள். நாற்றம் போகவில்லை. ரப்பர் ஷீட் நாற்றம் உனக்குத் தெரியாது. கெட்டுப்போன பாலில் புகை பிடித்த மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் சுவரில் இருந்து கசியும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து திருவிருந்து அப்பத்தை வாயில் வைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அதில் பாஸ்டர் தீர்க்கதரிசன வகுப்பு எடுப்பார். பழைய காலத்துத் தீர்க்கதரிசிகள் கண்ட தரிசனத்தையெல்லாம் ஃபிளெக்ஸில் பெரிதாக அடித்து மாட்டி, கம்பு வைத்துக் காட்டுவார். தானியேல் கண்ட நாலு மிருகம், பொன் தலையும் களிமண் காலுமாக நிற்கிற சிலை, எல்லாம் உண்டு. கரடி ஒரு நாடு, சிறுத்தை ஒரு நாடு. ஆட்டுக்கடாவின் கொம்பு ஒரு ராஜா. மார்த்தாண்டத்தில் அடித்த ஃபிளெக்ஸ், அந்தக் கடைக்காரன் மிருகங்களின் வாயில் ரத்தமாக ஊற்றிவிட்டிருந்தான். பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் போவேன். இந்தக் காலத்தில் நடக்கிற எல்லாம் அதில் எழுதியிருக்கிறது என்றால் போகாமல் இருக்க முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் பெனிலாவுக்குக் குவைத் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவளும் சஜிதா என்று அவள் கூட்டுக்காரியும் சேர்ந்து இன்டர்வியூ போனார்கள். இரண்டு பேருக்கும் கிடைத்தது. சாயங்காலம் வந்து அடுப்படியில் நின்று சொன்னாள்.

"மாமி, மாமாவுக்கு ஒரு ஹோம் நர்ஸ் வைப்போம். எனக்குத் தெரிஞ்ச நல்ல ஏஜென்ஸி இருக்கு. நான் தினமும் வீடியோவில பாத்துக்குவேன்."

"எவளோ ஒருத்தி வந்து அவரைத் தொட்டுத் துடைப்பா, நான் பாத்துட்டு நிக்கணுமா?"

"நானும் எவளோ ஒருத்தியாத்தானே மாமி வந்தேன்."

இதுதான் அவள் பேச்சு. குரலை உயர்த்த மாட்டாள், ஆனால் கேட்கிறவளுக்கு உள்ளே கொதிக்கும். அந்நியப் பெண் வந்து எங்கள் பாத்திரத்தில் தின்று, எங்கள் கக்கூஸுக்குப் போய், அதே கையால் இவருக்குக் கஞ்சி கொடுப்பதா? நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. உன்னைச் சொல்லவில்லை. அப்போது நினைத்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, பாஸ்டர் வீட்டுக்கு ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். போனால் ஜெபக்குறிப்புச் சொல்வது வழக்கம். அதைத்தான் சொன்னேன். "பாஸ்டர், ரெண்டு பிள்ளைகளும் சேந்து பிளேன் ஏறப் போறாளுக. எல்லாம் பழைய பாபிலோன் இருந்த பக்கமாம். இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு இறக்கை மொளச்சாச்சு. வீடு கட்டணுமாம். வேண்டாம்ணு நீங்க ஜெபிக்கணும்." அவ்வளவுதான். அவர் குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. மணிக்கட்டு வரைக்கும் வழியவிட்டு நக்குவார். கருவாட்டு முள் தாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனால் புது ஃபிளெக்ஸ் தொங்குகிறது.

சகரியா என்று ஒரு தீர்க்கதரிசி. தூதன் அவருக்கு ஒரு காட்சி காட்டுகிறான். ஒரு மரக்கால் வருகிறது. மரக்கால் தெரியும்தானே, நெல் அளப்பது. அதற்கு ஈயத்தில் மூடி. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இவள்தான் அக்கிரமம் என்று சொல்லி, தூதன் அவளை உள்ளே தள்ளி மூடியைப் போட்டுவிடுகிறான். பிறகு இரண்டு பெண்கள் வருகிறார்கள். நாரைக்கு இருப்பதுபோல இறக்கை. மரக்காலைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்து சிநெயார் தேசத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அதற்கு ஒரு வீடு கட்டப்போகிறார்கள்.

பாஸ்டர் கம்பால் தட்டித் தட்டிச் சொன்னார். சிநெயார் என்றால் பாபிலோன். குவைத் அதன் ஓரம். நாரை தின்னக்கூடாத பறவைகளில் ஒன்று, அசுத்தம். படத்துக்குக் கீழே சிவப்பில் 'அசுத்தம்' என்று அடித்தே இருந்தது. "ரெண்டு ஸ்திரீகள். ஒருத்தி இல்ல, மூணு பேர் இல்ல. ரெண்டு. எதில போறாங்க? ஆகாயத்தில போறாங்க. எதுக்குப் போறாங்க? வீடு கட்டப் போறாங்க." சொல்லிவிட்டு நிறுத்தினார். கூட்டம் முழுக்கத் திரும்பி பெனிலாவைப் பார்த்தது.

எனக்கு மயிர் கூச்செறிந்தது, மக்களே. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதினது, அப்படியே எங்கள் வீட்டுக் காரியம். அவருக்கு அதை யார் காட்டியிருக்க முடியும்?

கேள்வி கேட்கிற நேரத்தில் நான்கூட ஒன்று கேட்டேன், ஒரு மரக்காலுக்குள் ஒரு பெண் எப்படி உட்கார முடியும் என்று. தரிசனத்தில் அளவு பார்க்கக் கூடாது என்றார். பெனிலா எழுந்தாள்.

"பாஸ்டர், அந்த ரெண்டு பேரும் கெட்டதைத் தூக்கிட்டு இந்த ஊரை விட்டுத்தானே போறாங்க. அப்போ அவங்க நல்லதுதானே செய்யுதாங்க?"

"வேதத்தை நர்சிங் புஸ்தகம் மாதிரி வாசிக்கக் கூடாது, சகோதரி. உக்காருங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள், "மாமி, பாஸ்டர்ட்ட போய் என்ன சொன்னீங்க?"

"ஜெபக்குறிப்பு சொன்னேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சபைப் பெண்கள் பெனிலாவை விடவில்லை. பாயில் உட்காரப் போனால், "இறக்கையை மடக்கி வச்சுட்டு இரு பிள்ளே, எடம் காணாது" என்பாள் ஒருத்தி. திருவிருந்துத் தட்டு அவளைத் தாண்டிப் போனது. அவள் ஊற்றிக் கொடுத்த கட்டன்சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். விஜினிடம் நான் போனில் சொன்னேன், அப்பாவை ஒரு தெரியாதவள் கையில் விட்டுவிட்டுப் போகிறாள் என்று. அவன் அவளிடம் என்ன சொன்னானோ. ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே முன்னால் போய் முட்டுக்குத்தினாள். குவைத்துக்குப் போகவில்லை என்று மைக்கில் சொன்னாள். பாஸ்டர் அவள் தலையில் கையை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். அவர் கையில் இருந்து வேர்வை வழிந்து அவள் நெற்றியில் இறங்கியதைப் பார்த்தேன். துடைக்காமல் இருந்தாள். எனக்கோ சந்தோஷத்தில் அழுகை வந்தது. சஜிதா மட்டும் பிளேன் ஏறினாள்.

அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வை. தோளைப் பிடிக்காதே, இடுப்பில் கை கொடு. பெனிலா அப்படித்தான் செய்வாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அருவருப்பு.

பாஸ்டருக்கு ஹெப்சி என்று ஒரு மகள். அதுவும் நர்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருந்தது. ஈஸ்டர் கழிந்து கொஞ்ச நாளில் கேள்விப்படுகிறேன், ஹெப்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே? குவைத்தில். நான் நம்பவில்லை. பார்த்தால் இன்டர்வியூவுக்கு அவளைத் தயார் பண்ணிவிட்டது எங்கள் பெனிலாவேதான். எங்கள் வாசல் திண்டில் உட்கார்ந்து இரண்டும் இங்கிலீஷில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"விடுங்க மாமி," என்றாள் பெனிலா. "அவ என்ன செய்தா? போகட்டும். நீங்க போய் பாஸ்டர்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை பழைய ஃபிளெக்ஸ் மறுபடியும் தொங்கியது. மரக்கால், ஈய மூடி, நாரை இறக்கை எல்லாம் அப்படியே. 'அசுத்தம்' என்ற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். பசை காயாமல் தாள் சுருங்கி, அடியில் சிவப்பு தெரிந்தது. பாஸ்டர் கம்பை எடுத்தார். அந்தப் பெண்களின் இறக்கையில் காற்று இருந்தது என்று எழுதியிருக்கிறது. காற்று என்றால் ஆவியானவர் என்றார். நாரை தன் குஞ்சை விட்டுப் போகாத பறவை என்றார். அக்கிரமத்தைத் தேசத்தை விட்டுச் சுமந்து போகிற ஊழியம் எல்லாருக்கும் கிடைக்காது, கர்த்தர் தெரிந்தெடுத்த கன்னிகைகளுக்குத்தான் கிடைக்கும் என்றார். பெனிலா அன்றைக்குக் கேட்டாளே, அதே வார்த்தை. இப்போது அவர் வாயில் இருந்து வந்தது. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். கட்டன்சாயாவைக் குடிக்காமல் போனவள்தான் முதலில் சொன்னாள்.

நான் பெனிலா முகத்தைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

என்னால் முடியவில்லை. மறுநாள் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்துபோட்டு அச்சுமுறுக்கும் உப்புமாங்காயும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடெல்லாம் எண்ணெய் வாடை.

"பாஸ்டர், ஒரு தரிசனத்துக்கு ரெண்டு அர்த்தமா?" என்றேன்.

"ரெண்டு அர்த்தம் இல்லம்மா. ரெண்டு நிறைவேறுதல். முதல் நிறைவேறுதல் சமீபத்துக்கு, ரெண்டாவது நிறைவேறுதல் பின்வருங்காலத்துக்கு. எல்லாத் தீர்க்கதரிசனமும் அப்படித்தான்."

"முதல் நிறைவேறுதல் எங்க வீட்டுக்கு. ரெண்டாவது உங்க வீட்டுக்கா?"

"கர்த்தருடைய வழியில கேள்வி கேக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே ஒரு அச்சுமுறுக்கை எடுத்துக் கடித்தார். வாயில் தூளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஆசீர்வாதமாகச் சிரித்தார். அவர் கருவாட்டுக் குழம்பை நக்கினது, அவர் வேர்வை என் மருமகள் நெற்றியில் இறங்கினது, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. முற்றத்தில் இறங்கித் துப்பினேன். அவர் படியில் துப்பவில்லை. முற்றத்தில்தான். ஆனால் படியில் துப்பினாள் என்று ஆகிவிட்டது. நான் முதலிலேயே சொன்னேனே, இந்த ஊரில் அப்படித்தான்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே படம். இந்தத் தடவை பாஸ்டர் இறக்கைக்காரிகளை விட்டுவிட்டார். கம்பை மரக்கால் மேலே வைத்தார்.

"தூக்கினவங்க யாருன்னு பாத்தாச்சு. உள்ள உக்காந்திருந்தது யாரு?"

ஈய மூடியைக் கம்பால் தட்டினார்.

"எதுக்கு அவளுக்கு மூடி? மண் மூடி போட்டாரா? மர மூடி போட்டாரா? ஈய மூடி. வாய் அடங்காத ஸ்திரீக்குத்தான் அவ்வளவு பாரம் வேணும். அவ இந்தச் சபைக்குள்ள இருக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை கர்த்தர் அவளை வெளிப்படுத்துவார். வெளிப்படுத்தின பிறகு அவளுக்கு இந்தச் சபையில பங்கு இல்ல."

என் பாயில் இருந்தவர்கள் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது கமிட்டிக்காரர் மரியதாசன் என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர், இவருடன் சேர்ந்து மரம் வெட்டப் போனவர். "அக்கா, தங்கையன் அண்ணனுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க. நாளைக்கு ஒண்ணு நடந்தா நான் கமிட்டியில பேசணும்லா" என்றார்.

குழிக்கு உள்ள அந்தத் துண்டு நிலத்தைத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இவரைப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த உடம்பை எங்கே கொண்டு வைப்பேன்? பழைய கோயில் வாசலில் போய் நின்றேன், அதையும் செய்தேன். ஐயர் நல்லவிதமாகத்தான் பேசினார், பெயரைத் திரும்பச் சேர்க்க மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும், அடுத்த வருஷம் ஆகலாம் என்றார். அடுத்த வருஷம் வரைக்கும் இவர் இருப்பாரா? நீயே பார், எப்படி மூச்சு விடுகிறார் என்று.

பெனிலா சொன்னாள், "மாமி, நாம ரெண்டு பேரும் போகாம இருந்துருவோம். வெளிப்படுத்தட்டும், யாரை வேணும்னாலும். மாமாவுக்கு நான் எடம் பாக்குதேன். நகராட்சி சுடுகாடு இருக்கு, மின்தகன மேடை இருக்கு."

எரிப்பதாம். என் வீட்டுக்காரரை. உயிர்த்தெழுதலில் எக்காளம் ஊதும்போது எதை வைத்து எழும்புவார்? படித்த பிள்ளை, கூசாமல் சொல்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேலும் வெறுப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு ஏஜென்ஸி வைத்திருப்பாள். உடம்பைத் துடைக்க ஒரு ஏஜென்ஸி, எரிக்க ஒரு ஏஜென்ஸி. நான் போகத்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் நானும் வருகிறேன், உங்களைத் தனியாக விட மாட்டேன் என்று வந்தாள்.

கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மழை பெய்து சுவர் நாறியது. பாஸ்டர் அன்றைக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. படத்தை மாட்டிவிட்டு, சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று மைக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் என்மேல்தான். எல்லார் கண்ணும் என்மேல்தான். முன்வரிசையில் மரியதாசன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பெனிலா என் காதுப்பக்கம் குனிந்து, "வாங்க மாமி, எழும்பிப் போயிருவோம். நான் கூட இருக்கேன்" என்றாள்.

நான் எழும்பினேன். பாயில் இருந்து எழும்ப என் முட்டி ஒத்துழைக்காது. போகத்தான் எழும்புகிறேன் என்று நினைத்து அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். மைக் என் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. பாஸ்டரின் கையில் அந்த எண்ணெய் வாடை இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மரக்காலுக்குள் இருப்பது யாரென்று கர்த்தர் எனக்குக் காட்டினார் என்று சொன்னேன். என்னைத் தூண்டிவிட்டு ஊழியக்காரருக்கு விரோதமாகப் பேச வைத்தவள் அவள்தான் என்று சொன்னேன். பிறகு, தோளில் இருந்து கையை எடுக்காமலே, பெனிலாவின் பெயரைச் சொன்னேன்.